சொந்தமாக ஒரு பிரவுசர்

கடையில் வாங்கிய எதுவும் அவனுக்கு லேசில் பிடிக்காது. வீட்டுப் புத்தக அலமாரி அவன் கையால் செய்தது. சுவரோடு ஒட்டாமல், எந்த நேரமும் ஓரடி எடுத்து வைக்கப்போகிறவன் போல முன்னால் சாய்ந்து நிற்கும். காலையில் எழுப்பும் அலாரம் அவனே எழுதிய நிரல். முக்கியமான ஒரு ரயிலை அது கோட்டைவிட வைத்த பிறகும் அவன் அதை மாற்றவில்லை. ரயில்தான் சீக்கிரம் கிளம்பிவிட்டது என்று சாதித்தான். எல்லாவற்றையும் தானே உண்டாக்கினால்தான் சோறு இறங்கும் என்று இருப்பவனுக்கு மனைவியின் தம்பி 'சுயம்பு' என்று பெயர் வைத்தான். பெயர் பசை போட்டாற்போல் ஒட்டிக்கொண்டது. மாமியார்கூடப் போனில் "சுயம்பு சாப்பிட்டாச்சா?" என்றுதான் விசாரிப்பார். அவனும் கோபித்துக்கொள்வதாகக் காட்டிக்கொள்வானே தவிர, உள்ளுக்குள் அதில் பெருமைதான்.

மென்பொருள் எழுதுவது அவன் பிழைப்பு. வீட்டின் பின்னறையில் உட்கார்ந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை செய்தான். அவன் மனைவி வேலை பார்த்தது ஒரு சிறிய மருத்துவ உதவி அறக்கட்டளையில். வைத்தியத்துக்கு வழியில்லாதவர்கள் அதன் வலைத்தளத்தில் விண்ணப்பிப்பார்கள். அவள் அவற்றைப் படித்து, ஆஸ்பத்திரிச் சீட்டுகளைச் சரிபார்த்து, கீழே ஒரு குறிப்பு எழுதி, ஏற்பு, மறுப்பு, கூடுதல் விவரம் என்று மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்திய கையோடு விண்ணப்பித்தவரின் போனுக்குச் செய்தி போய்விடும். முன்பு பார்த்த வேலைகளையெல்லாம் சம்பளத்துக்காகப் பார்த்தாள். இந்த வேலையை அப்படிப் பார்க்கவில்லை. ஏற்பு அழுத்திய நாட்களில் அவள் வீட்டுக்குள் நுழையும் விதமே வேறாக இருக்கும்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் வலது மணிக்கட்டு மக்கர் செய்ய ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி மரத்தது, பிறகு வலி முழங்கை வரை ஏறியது. ஒருநாள் கையிலிருந்த டம்ளர் தானாக நழுவியது. கை டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு நசுங்குகிறது என்றார். நாள் முழுக்க மவுஸைக் கவ்விப் பிடித்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருந்ததன் பலன். கீபோர்டில் பத்து விரலாலும் தட்டுவது அவ்வளவு கெடுதல் இல்லை, இடையிடையே ஓய்வு கொடுத்தால் போதும். மவுஸ் மட்டும் ஆகவே ஆகாது.

"மவுஸை விடுங்க. இல்லேன்னா வேலையை விடுங்க. ரெண்டையும் வெச்சுக்கிட்டா கை திரும்பாது" என்றார்.

வேலையை விடுவதாக இல்லை என்று அவள் அங்கேயே சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் அவன், கவலைப்படாதே, மவுஸே தேவைப்படாத ஒரு பிரவுசரை உனக்காகக் கட்டிக் கொடுக்கிறேன் என்றான். அவளுக்கு அந்த நேரத்தில் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

அந்த வாரம் சாப்பாட்டு மேஜையில் பெரிய வழக்கே நடந்தது. தம்பியும் நிரல் எழுதுகிறவன்தான், ஆனால் மாமனுக்கு நேரெதிர். அடுத்தவர் எழுதிவைத்ததில் நாலு வரி சேர்த்து, காரியத்தை முடித்துவிட்டு, சாயங்காலம் பந்தாடப் போகிறவன். அக்கா இப்போது வைத்திருக்கிற பிரவுசரிலேயே ஓர் எக்ஸ்டென்ஷனைச் செருகினால் தீர்ந்தது விஷயம் என்றான். எக்ஸ்டென்ஷன் என்பது இருக்கிற பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு அதற்குப் புதிதாகச் சில பழக்கங்களைக் கற்றுக்கொடுக்கும் குட்டி நிரல். ஒரு கீயைத் தட்டினால் வலைப்பக்கத்திலுள்ள ஒவ்வொரு பொத்தானின் தலையிலும் ஓர் எழுத்து முளைக்கும், அந்த எழுத்தைத் தட்டினால் பொத்தானை அழுத்தியதாகக் கணக்கு. யார் யாரோ எழுதி இலவசமாகவே வைத்திருக்கிறார்கள்.

சுயம்புவுக்கு அதைக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது. எக்ஸ்டென்ஷன் என்பது வாடகை வீடு, ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றான். சில பக்கங்களில் அதை உள்ளேயே விடமாட்டார்கள். பக்கம் திறந்து முடிகிற வரை தட்டுகிற கீ அதன் காதில் விழாது. நாளைக்கே பிரவுசர்காரன் விதியை மாற்றினால் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். தம்பியும் விடவில்லை. வாடகை வீடென்றாலும் தண்ணீர் வருகிறது, விளக்கு எரிகிறது, பூட்டு பத்திரமாக இருக்கிறது, திருடனுக்குப் புதுச் சாவி கிடைத்தால் பூட்டை மாற்றவும் அவர்களே ஆள் அனுப்புகிறார்கள் என்றான்.

"சரி மாமா, பக்கத்தை வரையற எஞ்சின்? அதையும் நீங்களே எழுதப்போறீங்களா?"

"அது சும்மா கிடைக்குது. அதை எடுத்துக்குவேன்."

"அப்ப எஞ்சின் அடுத்தவங்களோடது, ஹாரன் மட்டும் உங்களோடது."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. மறுநாள் காலையே சுயம்பு பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்: அவன் கட்டியது மட்டமான சரக்கில்லை. கம்பெனி வேலை போக மீதி நேரமெல்லாம் அதற்கே என்று ஒற்றைக்காலில் நின்று கட்டினான். அதில் இரண்டு நிலைகள் இருந்தன. கட்டளை நிலையில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் உத்தரவு. ஒன்று பக்கத்தைக் கீழே இறக்கும், ஒன்று முந்தைய பக்கத்துக்குப் போகும், ஒன்று பக்கத்தையே மூடும். எழுதும் நிலைக்குப் போனால்தான் எழுத்து எழுத்தாக இருக்கும். புதுப் பக்கம் வந்தால் பிரவுசர் தானாகக் கட்டளை நிலைக்குத் திரும்பிவிடும். அவளுக்கென்றே மூன்று பொத்தான்களுக்கும் ஆளுக்கோர் எழுத்தை ஒதுக்கினான். தேட வேண்டாம், முளைக்கக் காத்திருக்க வேண்டாம், ஒரே தட்டு. எக்ஸ்டென்ஷன் தலைகீழாக நின்றாலும் இவ்வளவு வேகம் வராது என்று தம்பிக்குப் படம் பிடித்து அனுப்பினான். தம்பி கைதட்டும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

அறக்கட்டளையின் தலைவி ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்தவர். பேச்சு குறைவு, பார்வை கூர்மை. வேலை நடந்தால் சரி, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று அனுமதித்துவிட்டார். சுயம்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவள் மேஜைக் கம்ப்யூட்டரில் தன் பிரவுசரை நிறுவினான். நிறுவியவன் மவுஸைப் பிடுங்கிச் சுருட்டி மேஜை டிராயருக்குள் போட்டு, வெற்றி பெற்றவனாக வீடு வந்து சேர்ந்தான்.

முதல் வாரம் நன்றாகவே போனது. மணிக்கட்டு வலி குறைந்தது என்று அவளே சொன்னாள். அவனுக்கு வாயெல்லாம் பல். தினமும் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், இன்று எந்த கீ சிரமமாக இருந்தது என்று கேட்பான். எந்தத் தட்டைக் குறைக்கலாம் என்பதே அவன் நினைப்பாகிவிட்டது. குளிக்கும்போதும் அதுதான், குழம்பைக் கிளறும்போதும் அதுதான்.

அப்படி யோசித்ததில் அவனுக்கு ஓர் உறுத்தல் கண்ணில் பட்டது. பொத்தானை அழுத்தியதும் அறக்கட்டளையின் தளம் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, "நிச்சயமாகவா?" என்று கேட்கும். ஆம் என்று இன்னொரு தட்டு தட்ட வேண்டும். எத்தனை விண்ணப்பமோ அத்தனை தட்டும் வீண். பிரவுசர் முழுக்க அவன் கையில் இருக்கும்போது இதுவா பெரிய காரியம்? அந்தப் பெட்டி எழும்பும்போதே பிடித்து அமுக்கி, அவளுக்குப் பதிலாகத் தானே 'ஆம்' சொல்லும்படி எழுதிவிட்டான். இனிமேல் ஒரு தட்டு மிச்சம் என்று அன்றைக்கே அவளிடம் சொன்னான். வேறு ஏழெட்டு மாற்றங்களோடு சேர்த்துச் சொன்னான். அவள் காய் நறுக்கிக்கொண்டே தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் குறை எதுவும் சொல்வதில்லை. எந்த கீ சிரமம் என்று கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பாள். அவனுக்கு அது சான்றிதழாகப் பட்டது. இனி அடிப்படை முடிந்தது, அழகு பார்க்கலாம் என்று இறங்கினான். பக்கங்களை மரக்கிளை மாதிரி அடுக்கினான். பழைய பக்கங்களைத் தேட ஒரு வசதி செய்தான். கண்ணுக்கு இதமாக மூன்று விதமான பச்சை வைத்து, எந்தப் பச்சை பிடித்திருக்கிறது என்று அவளைக் கேட்டான். நடுவில் இருப்பது என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. இதற்கிடையில் எஞ்சினைச் செய்தவர்கள் பாதுகாப்புக்காக அடிக்கடி புதுப்பதிப்பு வெளியிட, ஒவ்வொரு முறையும் இவன் தன் பிரவுசரைப் பிரித்து மறுபடி பூட்ட வேண்டியிருந்தது. பூட்டினால் எங்காவது ஒன்று இளிக்கும். சனி ஞாயிறெல்லாம் அதிலேயே போயிற்று. வீட்டில் இரண்டு பேர் இருந்தும் அவள் பல நாள் தனியாகவே சமைத்து, தனியாகவே சாப்பிட்டாள்.

அவள் சட்டினியை அரைக்கும்போது மிக்ஸி மூடியை முழங்கையால் அழுத்திப் பிடிப்பதையும், ஈரத் துணியைப் பிழியாமல் அப்படியே உலர்த்துவதையும் அவன் பார்க்கத்தான் செய்தான். வலது கை ஆற நாளாகும் என்று நினைத்துக்கொண்டான். எதற்கும் காட்டிவிடலாம் என்று மறுபடியும் கை டாக்டரிடம் கூட்டிப் போனான்.

டாக்டர் வலது கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, தேறி வருகிறது என்றார். சுயம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு டாக்டர் இடது கையைக் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி நீட்டினாள். மணிக்கட்டை மடக்கிப் பிடித்ததுமே அவள் பல்லைக் கடித்தாள்.

"இங்கயும் அதே கதைதான். இதுல மவுஸ் பிடிக்கறீங்களா?"

அவளை முந்திக்கொண்டு சுயம்பு பதில் சொன்னான். "அவ மவுஸைத் தொட்டே மாசக்கணக்காச்சு டாக்டர். நான் தனியா ஒரு பிரவுசரே எழுதிக் கொடுத்திருக்கேன். முழுக்க முழுக்க கீபோர்டுதான்."

டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த கை எலும்புப் படத்தைப் பார்த்தாள்.

"பிடிக்கறேன் டாக்டர். தினமும்" என்றாள்.

அந்த அறையில் அவனுக்கு எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை. டாக்டர் இடது கைக்கும் மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் ஒரு பட்டை எழுதிக் கொடுத்து, இனிமேலும் இப்படியே போனால் இரண்டு கையும் சேர்ந்து படுத்துவிடும், அப்புறம் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று எச்சரித்து அனுப்பினார்.

மருந்துக் கவுன்டருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூப்பிடும் எண்ணுக்காகக் காத்திருந்தபோது அவள் சொன்னாள். அவன் அந்த ஏழெட்டு மாற்றங்களைச் செய்த மறுநாள் காலை, முதல் வேலையே ஒரு லாரி டிரைவரின் விண்ணப்பம். இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்து, பணத்துக்காகக் காத்திருந்தார். எல்லாச் சீட்டும் சரியாக இருந்தது. ஏற்கலாம் என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் பார்த்து வேறொரு புது விண்ணப்பம் வந்திருக்கிறது. புதிதாக ஒன்று வந்தால் அறக்கட்டளையின் பக்கம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். அதைப் புதுப் பக்கம் என்று நினைத்து அவனுடைய பிரவுசர் கட்டளை நிலைக்குத் தாவிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தபடி அவள் தட்டிக்கொண்டே போனாள். தட்டிய ஏதோ ஓர் எழுத்து மறுப்பை அழுத்திவிட்டது.

"தப்பா அழுத்தினாலும் 'நிச்சயமாகவா'ன்னு கேக்குமேன்னு திரையைப் பாத்தேன். கேக்கவே இல்ல. பச்சையா 'மறுக்கப்பட்டது'ன்னு வந்து நின்னுது."

அதைக் கேட்கவிடாமல் செய்தவன் அவன்தான்.

அவள் பதறிப்போய் அந்த டிரைவரைக் கூப்பிட்டபோது லைன் கிடைக்கவில்லை. அவர் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டிருந்தார். உதவி கிடைக்கவில்லை, எனக்குக் குறித்த நாளை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் இவள் போனை எடுத்தவர், தப்பாக மறுத்துவிட்டோம், உங்களுக்கு உதவி உண்டு என்று இவள் சொன்னதைக் கேட்டு அழுதார். அதற்குள் படுக்கை வேறொருவருக்குப் போய்விட்டது. ஆபரேஷனுக்கு வேறொரு நாள் கிடைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த வாரங்களில் அவள் சரியாகத் தூங்கவில்லை. ஆபரேஷன் நடந்தது, ஆள் நலமாக இருக்கிறார், போன மாதம் நேரில் வந்து கும்பிட்டுவிட்டும் போனார். தலைவியிடம் தன் கவனக்குறைவு என்று அவள் சொல்லியிருந்தாள். இன்னொரு தடவை நடந்தால் முடிவெடுக்கும் வேலையிலிருந்து எடுத்து, போன் பேசும் மேஜைக்கு மாற்றிவிடுவேன் என்று தலைவி சொல்லியிருந்தார். அன்றைக்கே அவள் டிராயரைத் திறந்து மவுஸை எடுத்து இடது பக்கம் வைத்துக்கொண்டாள். பழைய பிரவுசருக்குத் திரும்பினாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றான்.

"சொன்னா அன்னைக்கே சரி பண்ணிடுவீங்க. எனக்குத் தெரியும். ஆனா அந்த மனுஷன் போன்ல அழுததுக்கப்புறம் அந்த விண்டோவைத் தொட எனக்குக் கை வரல. நீங்க எனக்காகத்தான் உயிரை விட்டு எழுதறீங்க. வேணாம்னு எப்படிங்க சொல்றது? பச்சை பிடிச்சிருக்கான்னு வேற கேட்டுக்கிட்டு நிக்கறீங்க."

அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போய் மருந்தை வாங்கினான். மருந்துக்காரர் எப்போது போட வேண்டும் என்று விளக்கியது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. திரும்பி வந்தவன் அவள் பையைத் தான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். வீடு வரும் வழியெல்லாம் அவனுக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, கடைசியில் துக்கம்தான் நின்றது. தன் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி தனக்குத் தெரியாமல் இரண்டாவது கையையும் கெடுத்துக்கொண்டிருக்க, தான் அந்த நேரத்தில் பச்சை நிறம் கலந்துகொண்டிருந்ததை அவனால் தாங்கவே முடியவில்லை.

மறுநாள் அவளோடு அறக்கட்டளைக்குப் போனான். வேண்டாம் என்று அவள் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. தலைவியின் எதிரே நின்று, லாரி டிரைவர் விஷயத்தில் தப்பு அவளுடையது இல்லை, தான் எழுதிய பிரவுசருடையது, கேட்க வேண்டிய கேள்வியை வாயடைத்து வைத்தது தான்தான் என்றான். தட்டு மிச்சமாகும் என்று நினைத்ததாகவும் சொன்னான். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான காரணம் என்று பட்டது.

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். முதலில் அவளைத்தான் கேட்டார். "நீ ஏம்மா உன் தலைல இழுத்துப் போட்டுக்கிட்ட?"

"திரையைப் பாக்காம தட்டினது நான்தானேம்மா."

பிறகு அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க வீட்டுல நீங்க என்ன வேணா கட்டுங்க. எங்ககிட்ட வர்றவங்க மேல வெச்சுச் சோதிக்காதீங்க. அந்த ஆளுக்கு அன்னைக்கு ராத்திரி ஏதாவது ஆகியிருந்தா நாம மூணு பேரும் இங்க நின்னு என்ன பேசிக்கிட்டிருப்போம்?"

தலைவி எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார், அவள் தன் மேஜையிலேயே இருக்கலாம் என்றார். ஆனால் சொந்தமாக எழுதிய எதுவும், ஒரு வரியானாலும், இந்த அலுவலகக் கம்ப்யூட்டரில் இனிமேல் ஏறக்கூடாது. ஊர் உலகம் புழங்கி, நல்லது கெட்டது தெரிந்த சாமான் எதுவோ அதை வைத்துக்கொள்ளலாம்.

அவன் வெளி வராந்தாவுக்கு வந்து மைத்துனனைக் கூப்பிட்டான். எது நல்ல எக்ஸ்டென்ஷன் என்று கேட்டான். கேலி வரப்போகிறது என்று சுயம்பு காத்திருந்தான். தம்பிக்கு நாக்கு நுனியில் பத்து கேலி இருந்திருக்கும், எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, அக்கா கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டான். அப்புறம் நிறையப் பேர் வருடக்கணக்கில் புழங்குகிற ஒன்றைச் சொன்னான். முகம் தெரியாத யாரோ ஒருவர் எழுதியது.

தன் பிரவுசரை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து சுயம்பு தன் கையாலேயே நீக்கினான். அத்தனை மாத வேலை போக இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. பிறகு பழைய பிரவுசரில் அந்த முகம் தெரியாதவரின் எக்ஸ்டென்ஷனைச் செருகினான். எழுதுகிற கட்டத்துக்குள் இருக்கும்போது பக்கம் என்ன ஆட்டம் ஆடினாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கிறதா என்று ஒரு போலி விண்ணப்பத்தை வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தான். இருந்தது. மறுப்பை அழுத்தினால் "நிச்சயமாகவா?" கேட்டது. அவன் நாற்காலியை விட்டு எழுந்து அவளை உட்காரச் சொன்னான். போய்விடலாம் என்றுதான் நினைத்தான். ஏனோ பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். இந்த வேலையை அவள் செய்வதை அவன் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இரண்டு கையிலும் பட்டையோடு அவள் ஆரம்பித்தாள். ஒரு கீ, எழுத்துகள் முளைத்தன, இரண்டு எழுத்து தட்டினாள், விண்ணப்பம் திறந்தது. தன்னுடையதில் இது ஒரே தட்டு என்று அவன் மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை அவன் வாய்க்குள்ளேயே அமுக்கிக்கொண்டான். ஆஸ்பத்திரிச் சீட்டைத் திறந்தபோது எழுத்து முளைக்கவே இல்லை. அந்தப் பக்கத்துக்குள் எக்ஸ்டென்ஷனுக்கு அனுமதி கிடையாது. முதல் நாளே நான் சொன்னேனே என்று சொல்லிக்காட்ட அவன் நாக்கு துறுதுறுத்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அம்புக்குறி கீயால் இறங்கி இறங்கிச் சீட்டைப் பார்த்தாள், எல்லாப் பிரவுசருக்கும் தெரிந்த சாதாரணக் குறுக்குவழியால் அதை மூடினாள், விண்ணப்பத்துக்குத் திரும்பினாள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அவள் விரல்கள் கீபோர்டுக்கு முன்னால் மேஜையில் சும்மா கிடந்தன. திரை அசையவில்லை. அவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"என்ன, நின்னுபோச்சா? வேலை செய்யலையா?"

"படிக்கிறேங்க" என்றாள் அவள்.

ஒரு பெண் தன் கணவனுக்காக எழுதிய விண்ணப்பம் அது. நீளமாக, முன்னும் பின்னுமாக எழுதியிருந்தாள். அவன் மனைவியின் கண் ஓரிடத்தில் நின்று, மேலே போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு தேதி இடித்தது. மறுத்துவிடக் காரணம் போதும். அவள் மறுக்கவில்லை. போனை எடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள், சாவகாசமாகப் பேசினாள், ஊசி போடுகிறார்களா, சாப்பிடுகிறாரா, கூட யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டாள், கடைசியில் தேதியையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சீட்டை எழுதியவர் செய்த பிழை. போனை வைத்துவிட்டு மறுபடியும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி இருந்தாள். குறிப்பு எழுதினாள். ஏற்பு. நிச்சயமாகவா? அங்கேயும் ஒரு கணம் நின்றாள். ஆம்.

அவன் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இத்தனை மாதமும் அவள் தட்டுகளை ஒன்றுவிடாமல் எண்ணியவன் அவன். அவள் வேலையில் பெரும்பகுதி தட்டே இல்லாதது என்பது அவனுக்குத் தெரியாமலே போயிருந்தது. அதை யாரும் அவனிடம் ஒளிக்கவில்லை. ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவள் அடுத்த விண்ணப்பத்தைத் திறக்கப் போனாள். போகும்போது இடது கையை லேசாக உதறிக்கொண்டாள்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டான்.

அவள் திரையைப் பார்த்தபடியே, "எல்லா கீயும் நல்லாத்தான் இருக்குங்க" என்றாள்.

"கீயை இல்ல. கையைக் கேட்டேன்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பட்டையின் ஒட்டிய முனையை மெல்லப் பிரித்து, இடது கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்து, வலி எங்கே ஆரம்பிக்கிறது என்று வலது கை விரலால் தொட்டுக் காட்டத் தொடங்கினாள்.